டாக்குமென்ட் சொல்றது நிஜமான்னு டெர்மினல்கிட்ட கேக்கறது

எந்த சாஃப்ட்வேர் ப்ராஜெக்டை எடுத்தாலும் இது என்ன, எப்படி ஓட்டறதுன்னு சொல்ற ரீட்மீன்னு ஒரு ஃபைல் இருக்கும், அதை எழுதினவரே அதுக்கப்புறம் ஒரு தடவையாவது முழுசா படிச்சிருப்பாரான்னு கேட்டா சந்தேகம்தான். கோட் தப்பா இருந்தா டெஸ்ட் ஃபெயில் ஆகும், ஆப் க்ராஷ் ஆகும், யாராவது போன் போட்டு கத்துவாங்க. டாக்குமென்ட் தப்பா இருந்தா ஒண்ணுமே ஆகாது, அது பாட்டுக்கு தப்பாவே கெடக்கும், படிச்சவங்க "நமக்குதான் புரியல போல"ன்னு நெனச்சுட்டு போயிடுவாங்க. 2017-ல, கோடை எல்லாரும் சேத்து வெக்கற கிட்ஹப்ங்கற சைட்காரங்க ஒரு ஓப்பன் சோர்ஸ் (யாரும் பாக்கலாம், திருத்தலாம்னு தொறந்து வெச்ச கோட்) சர்வே எடுத்தாங்க, அதுல 93 சதவீதம் பேர் அரைகுறை டாக்குமென்ட், பழசாப்போன டாக்குமென்ட் எல்லா இடத்துலயும் இருக்கற பிரச்சனைன்னு சொல்லியிருந்தாங்க. அதே சர்வேல பங்களிக்கறவங்கள்ல 60 சதவீதம் பேர் டாக்குமென்ட் பக்கம் அபூர்வமாதான் போவோம், இல்ல போகவே மாட்டோம்னும் சொல்லியிருந்தாங்க. எல்லாருக்கும் தலைவலி, மாத்திரை வாங்க மட்டும் ஆள் இல்ல.

நான் இருக்கறது கோத்தகிரில, அரவேணு பக்கம். சோறு போடற வேலை கோயமுத்தூர் கம்பெனிக்கு வீட்லேர்ந்தே பண்றேன், அதைப் பத்தி இங்க பேச்சு இல்ல. அதுபோக நாங்க சில பேர் சேந்து ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் பாத்துக்கறோம், சின்ன தோட்டக்காரங்க கொண்டுவர்ற பச்சை இலைக்கு கணக்கு போடற சாஃப்ட்வேர். யாரு எத்தனை கிலோ போட்டாங்க, மழை நாள்ல ஈரத்துக்கு கழிவு எவ்வளவு, மாச விலைப்படி மொத்தம் என்ன, உரத்துக்கு வாங்கின அட்வான்ஸ்ல இந்த மாசம் எவ்வளவு கழிக்கணும், இவ்வளவுதான் விஷயம். பைத்தான்ல எழுதினது, அடியில எல்லாமே கமாண்ட்லைன் (டெர்மினல்ங்கற கறுப்புத் திரையில கமாண்டை அடிச்சு ஓட்டறது), மேல ஒரு சாதா ஸ்கிரீன். இதுக்கு ரெண்டு டாக்குமென்ட் இருக்கு. ஒண்ணு இங்கிலீஷ்ல, கோட் எழுதறவங்களுக்கு. இன்னொண்ணு தமிழ்ல, எடை போடற இடத்துல உக்காந்து என்ட்ரி போடறவங்களுக்கு. எனக்கு கேட்டா ரெண்டாவதுதான் முக்கியம், ஏன்னா டெவலப்பர் டாக்குமென்ட் புரியலன்னா கோடைத் தொறந்து பாத்துக்குவான், எடை போடற அக்காவுக்கு அந்த வசதி கெடையாது, அவங்க முன்னாடி இலை மூட்டையோட ஒரு வரிசையே நிக்கும்.

இந்த டாக்குமென்டை எல்லாம் டெர்மினல்ல ஒரு கமாண்ட் அடிச்சு செக் பண்ண முடியுமான்னு தேடினப்போ தெரிஞ்சது, இது புதுசே இல்ல. கோடுல இருக்கற சந்தேகமான எடத்தை காட்டற லின்ட்ங்கற ப்ரோகிராமை அமெரிக்காவுல பெல் லேப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்துல ஸ்டீஃபன் ஜான்சன் எழுதினது 1978. அதே பெல் லேப்ஸ்ல, கிட்டத்தட்ட அதே காலத்துல, லோரிண்டா செர்ரின்னு ஒரு அம்மா உரைநடையை செக் பண்ற ஸ்டைல், டிக்‌ஷன்ங்கற ப்ரோகிராம்களுக்கு பின்னாடி இருந்தாங்க, ரைட்டர்ஸ் வொர்க்பெஞ்ச்னு ஒரு செட்டாவே வந்துச்சு. வாக்கியம் எவ்வளவு நீளம், சுத்தி வளைச்சு பேசற வார்த்தை எங்க இருக்குன்னு அப்பவே பெல் லேப்ஸோட யூனிக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்லியிருக்கு. நாம இன்னிக்கு ஏதோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி "டாக்ஸ் ஆஸ் கோட்"னு (டாக்குமென்டையும் கோட் மாதிரியே பாத்துக்கறது) பேசிட்டு திரியறோம்.

இப்ப இருக்கறதுல நான் அதிகம் ஓட்டறது வேல்னு உரைநடையை விதிப்படி செக் பண்ற ஒரு டூல். கோ மொழில எழுதினது, ஒரே ப்ரோகிராம் ஃபைல், இறக்கி வெச்சா போதும், நெட் இல்லன்னாலும் ஓடும், நம்ம எழுத்தை எந்த சர்வருக்கும் அனுப்பாது. இதோட பெரிய நல்ல குணம், மார்க்டவுன், ரீஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்ட், ஆஸ்கிடாக்னு டாக்குமென்ட் எழுதற குறி முறைகள் எல்லாம் அதுக்கு புரியும். கோட் பிளாக் உள்ள இருக்கறதை உரைநடைன்னு நெனச்சு திட்டாது, தலைப்புக்கு மட்டும் ஒரு விதி, பட்டியலுக்கு மட்டும் ஒரு விதின்னு தனித்தனியாவும் வெக்கலாம். விதி எல்லாம் யாமல்ங்கற எளிய வடிவத்துல எழுதற சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல். இந்த வார்த்தை இருக்கக்கூடாது, இதுக்கு பதிலா அது போடு, ஒரே வார்த்தை அடுத்தடுத்து ரெண்டு தடவை வந்தா சொல்லு, இப்படி வகை வகையா இருக்கு. ஒவ்வொரு விதிக்கும் சஜஷன், வார்னிங், எரர்னு மூணு லெவல். எரர் வந்தாதான் கமாண்ட் "தோத்துப்போச்சு"ன்னு சொல்ற நம்பரோட வெளிய வரும், மத்தது சும்மா திரையில காட்டிட்டு போயிடும். இந்த சின்ன விஷயத்துலதான் மொத்த சூட்சுமமும் இருக்கு, பின்னாடி வர்றேன்.

கூகுள் ஸ்டைல், மைக்ரோசாஃப்ட் ஸ்டைல், ரைட்-குட், ப்ரூஸ்லின்ட்னு ரெடிமேட் விதி பேக்கேஜ் எல்லாம் இருக்கு, கான்ஃபிக்ல பேரை போட்டு சிங்க் கமாண்ட் அடிச்சா இறங்கிடும். புதுசா வர்றவங்க எல்லாரும் பண்ற முதல் வேலை இது எல்லாத்தையும் ஒண்ணா ஆன் பண்ணி ஓட்டறது. ஓட்டினா கல்யாண வீட்ல பந்தியிலேர்ந்து பந்தல் வரைக்கும் குறை சொல்ற மாமா மாதிரி ஆரம்பிச்சிடும், இங்க செயப்பாட்டு வினை, அங்க "வெரி" போட்டிருக்க, இது நீளம், அது சுருக்கம். அதுல பாதி கூகுள்காரங்க வீட்டு வழக்கம், நமக்கு எதுக்கு அது. என்னோட கருத்து என்னன்னா எல்லாத்தையும் அணைச்சுட்டு வெறும் கையோட ஆரம்பிக்கணும், நெஜமா ஒருத்தர் படிச்சு தடுமாறின இடம் எதுவோ அதுக்கு மட்டும் ஒரு விதி எழுதணும். விதி பட்டியலை தொறந்து பாத்தா ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி யாரோ ஒரு ஆள் இருக்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். எங்க தமிழ் டாக்குமென்டை பல பேர் பல காலத்துல எழுதினது. ஒரு பக்கத்துல "கழிவு"ன்னு இருக்கும், இன்னொரு பக்கத்துல "பிடித்தம்", மூணாவது பக்கத்துல "டிடக்‌ஷன்". எழுதினவங்களுக்கு மூணும் ஒண்ணுதான். கட்டபெட்டு பக்கம் எடை போடற இடத்துல வேலை பாக்கற ஒரு அக்கா போன் பண்ணி, "ஏன் தம்பி, இங்க பிடித்தம் அஞ்சுன்னு போட்டிருக்கீங்களே, இது கிலோவுல பிடிக்கறதா பணத்துல பிடிக்கறதா?"ன்னு கேட்டாங்க. சரியான கேள்வி. 100 கிலோ இலைக்கு 5 சதவீதம் ஈரக் கழிவுன்னா கணக்குல ஏறறது 95 கிலோ. ஆனா அட்வான்ஸுக்கு பிடிக்கறது ரூபாய், அது எடை கணக்கெல்லாம் முடிஞ்ச பிறகு கடைசில வரும். ரெண்டுக்கும் ஒரே பேரை மாத்தி மாத்தி போட்டா யாருக்குத்தான் குழம்பாது. அன்னிக்கே வேல்ல ஒரு மாற்று விதி போட்டோம், எடை சம்பந்தப்பட்ட பக்கங்கள்ல "கழிவு" மட்டும், பண பக்கங்கள்ல "பிடித்தம்" மட்டும், "டிடக்‌ஷன்" எங்கயும் கெடையாது, மீறினா எரர். விதியோட மெசேஜையும் தமிழ்லயே எழுதிட்டோம், "இது எடையில் குறைப்பது, கழிவு என்று எழுதவும்"னு வரும். டெர்மினல்ல தமிழ் வர்ற அழகு தெரியும்ல, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் நிக்கும், ஆனா படிக்கலாம்.

இந்த மாதிரி சொல் ஒழுங்கு விதிதான் என்னைக் கேட்டா இந்த டூலோட உண்மையான லாபம். நடை, அழகு, செயப்பாட்டு வினை எல்லாம் அப்புறம்.

சரி இப்ப தமிழுக்கு வர்றேன், ஏன்னா இங்கதான் கதை சுவாரஸ்யமா போகுது. இங்கிலீஷ்ல ஸ்பெல் செக்னா ஹன்ஸ்பெல்ங்கற ஸ்பெல் செக்கரோட அகராதியைக் கொடுத்து ஆன் பண்ணா முடிஞ்சது. தமிழ்ல அதே மாதிரி பண்ணா திரை முழுக்க சிவப்பு. நம்ம மொழில பேர்ச்சொல்லோட வேற்றுமை ஒட்டும், அதுமேல "உம்" ஒட்டும், அதுமேல "தான்" ஒட்டும், "கணக்கிலிருந்தும்தான்"னு ஒரே வார்த்தையா வந்து நிக்கும், எந்த அகராதி அத்தனையும் வெச்சிருக்கும். அதனால தமிழ்ப் பக்கத்துக்கு அகராதி செக்கை அணைச்சுட்டு வேற வழி பிடிச்சோம். கோட்ஸ்பெல்னு ஒரு டூல் இருக்கு, அது "இந்த வார்த்தை அகராதில இருக்கா"ன்னு பாக்காது, "இது எல்லாரும் அடிக்கடி தப்பா அடிக்கற வார்த்தையா"ன்னு மட்டும் பாக்கும், தப்பும் அதுக்கு சரியும் சேந்த ஒரு பட்டியல்தான் அது. அதனால வீண் புகார் ரொம்ப கம்மி. அதே யோசனையை தமிழுக்கு எடுத்துட்டு ஒரு பட்டியல் போட்டோம். முயற்ச்சி வந்தா முயற்சி, பதிவிரக்கம் வந்தா பதிவிறக்கம், இனைப்பு வந்தா இணைப்பு, கடவுசொல் வந்தா கடவுச்சொல், இப்படி. "அணைத்தும்" கொஞ்சம் வம்பு. பெரும்பாலும் "அனைத்தும்" எழுத வந்தவர் தடுக்கி விழுந்ததுதான் அது, ஆனா "கணினியை அணைத்தும் சரியாகவில்லை என்றால்"னு ஒரு வரி நெஜமாவே எங்க டாக்குமென்ட்ல இருக்கு, அது சரிதானே. அதனால அது மட்டும் சஜஷன் லெவல்ல.

அடுத்தது கண்ணுக்கே தெரியாத தப்பு. ஔவையார்ல வர்ற ஔ ஒரே எழுத்து. ஆனா கீபோர்டுல கண்டுபிடிக்க சோம்பேறித்தனம் பட்டு "ஒ" அடிச்சு பக்கத்துல "ள" அடிச்சுடுவாங்க, திரையில கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். அதே மாதிரி கௌரவம் கெளரவம் ஆகும், மௌனம் மெளனம் ஆகும், பௌர்ணமி பெளர்ணமி ஆகும். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு வேற வேற, தேடினா கெடைக்காது. சரி விதி எழுதிடலாம்னு உக்காந்தா, "ஒள" வந்தா எரர்னு போட முடியாது, ஏன்னா "ஒளி" இருக்கு. "மெள" கூடாதுன்னா "மெள்ள" மாட்டிக்கும். "வெள"ன்னு போட்டா வௌவால் மாட்டறதுக்கு முன்னாடி "வெளியேறு" பட்டன் மாட்டும், அது எல்லா பக்கத்துலயும் இருக்கு. கெளுத்தி மீனைப் பத்தி எங்க டாக்குமென்ட்ல எதுவும் இல்ல, இருந்தாலும் அதுவும் பாவம்தான். அதனால பின்னாடி வர்ற எழுத்தையும் சேத்து, "கெளர", "மெளன", "பெளர்", "ஒளவை"ன்னு வார்த்தை வார்த்தையாதான் எழுத வேண்டியிருந்துச்சு.

இன்னொண்ணு இதைவிட மோசம். "கொ"ங்கற எழுத்தை யூனிகோட்ல (எல்லா மொழி எழுத்துக்கும் கம்ப்யூட்டர்ல நம்பர் கொடுக்கற பொது முறை) ரெண்டு விதமா சேமிக்கலாம், "க"வும் ஒகரக் குறியும்னு ரெண்டு துண்டா, இல்ல "க", எகரக் கொம்பு, கால்னு மூணு துண்டா. ரெண்டும் சரிதான்னு யூனிகோடே சொல்லுது, திரையில ஒரு புள்ளி வித்தியாசம் தெரியாது. ஆனா ஃபைலுக்குள்ள வார்த்தை தேடற க்ரெப் கமாண்டுக்கு ரெண்டும் வேற வேற. எங்கயோ பழைய ஃபான்ட்லேர்ந்து கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்த பக்கம் ஒண்ணு இருந்துச்சு, அதுல "கொழுந்து"ன்னு கண்ணு முன்னாடி இருக்கு, க்ரெப் பண்ணா இல்லங்குது. இதுக்கு மருந்து சுலபம், எல்லா ஃபைலையும் என்எஃப்சிங்கற ஒரே சேமிப்பு வடிவத்துக்கு கொண்டுவரணும், பைத்தான்ல யூனிகோட்டேட்டாங்கற மாட்யூலே அதைப் பண்ணிடும், கமிட்டுக்கு (மாற்றத்தை ப்ராஜெக்ட்ல பதிவு பண்றது) முன்னாடி தானா ஓடற ஹூக்ங்கற ஸ்க்ரிப்ட்ல ஓட்டினா போதும். ஆனா மேல சொன்ன கெளரவத்தை இந்த மருந்து தொடாது, அங்க இருக்கறது நெஜமாவே "ள"ங்கற எழுத்து. ஸ்ரீயும் அப்படித்தான், "ஸ"ல ஆரம்பிக்கற ஸ்ரீ, "ஶ"ல ஆரம்பிக்கற ஶ்ரீன்னு ரெண்டு இருக்கு, என்எஃப்சி ரெண்டையும் ஒண்ணாக்காது. விவசாயி பேரு ஸ்ரீனிவாசன்னா லிஸ்ட்ல ஒரே ஆளே ரெண்டு ஸ்ரீனிவாசனா நிப்பாரு, இது டாக்குமென்டையும் தாண்டி டேட்டா பிரச்சனை, அதுக்கு தனியா ஒரு நாள் எழுதணும்.

ரெகுலர் எக்ஸ்ப்ரஷன் (எழுத்து மாதிரியை சொல்லி தேடற சூத்திரம்) எழுதறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதுக்குன்னு பைத்தான்ல இருக்கற சாதா ஆர்ஈ மாட்யூல் தமிழ் உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் "வார்த்தை எழுத்து"ன்னு ஒத்துக்காது. "எடை"ங்கறதுல "ட"வோட அதுக்கு வார்த்தை முடிஞ்சுபோச்சு. அதனால வார்த்தை எல்லைன்னு குறிக்கற அந்த பேக்ஸ்லாஷ் பி-யை நம்பி தமிழ் விதி எழுதினா கண்ட இடத்துல பிடிக்கும், பிடிக்க வேண்டிய இடத்துல விட்டுடும். வேல்லயும் விதி தானாவே வார்த்தை எல்லை சேத்துக்கும், நான்வேர்ட்னு ஒரு ஆப்ஷனை ஆன் பண்ணிட்டா சேக்காது, தமிழ் விதி எல்லாத்துக்கும் நாங்க அதை ஆன்லதான் வெச்சிருக்கோம்.

மார்க்டவுன் ஃபைலை செக் பண்ற மார்க்டவுன்லின்ட் பத்தி ரெண்டு வரி. தலைப்பு வரிசை ஒழுங்கா இறங்குதா, கோட் பிளாக்குக்கு மொழி பேரு போட்டிருக்கா இதெல்லாம் பாக்கும், நல்ல டூல், வெச்சுக்கலாம். ஆனா எம்டி 013-ங்கற விதியை முதல்லயே அணைச்சிடுங்க. ஒரு வரி 80 எழுத்துக்கு மேல போகக்கூடாதுங்கும், "தேயிலை"ங்கற மூணெழுத்தை அது ஆறுன்னு எண்ணும். தமிழ்ல எழுதறவங்களை பாதி வரியிலயே நிறுத்திடும்.

படிக்க எளிதா இருக்கான்னு மார்க் போடற விஷயம் ஒண்ணு இருக்கே, ஃப்ளெஷ் ஸ்கோர். 1948-ல ருடால்ஃப் ஃப்ளெஷ் போட்ட ஃபார்முலா, வாக்கியத்துக்கு எத்தனை வார்த்தை, வார்த்தைக்கு எத்தனை அசை, அவ்வளவுதான். அதையே 1975-ல அமெரிக்க கடற்படை கையேடுகளுக்காக வகுப்பு கணக்குல மாத்தினது ஃப்ளெஷ்-கின்கெய்ட். இங்கிலீஷுக்கே இது ஓரளவுதான், ஃபார்முலாவுக்கு அர்த்தமே தெரியாது, வார்த்தைகளை தலைகீழா அடுக்கினாலும் அதே மார்க்தான் வரும். தமிழுக்கு சுத்தமா உதவாது. "எடைபோட்டுக்கொண்டிருக்கும்போது"ன்னு ஒரே வார்த்தையா எழுதினா வாக்கியம் சின்னதுன்னு ஆயிடும், பிரிச்சு எழுதினா பெருசுன்னு ஆயிடும், அசை எண்றதோ இங்கிலீஷ் உயிரெழுத்தை வெச்சு. எங்க ஆளுங்கள்ல ஒருத்தர் இதை டேஷ்போர்டுல போடணும்னு ஆசைப்பட்டாரு, பேசிப் பேசி விட வெச்சோம்.

இதுவரைக்கும் சொன்னதெல்லாம் எழுத்து எப்படி இருக்குங்கறது. அதைவிட பெரிய கேள்வி எழுதினது இன்னும் நிஜமாங்கறது. தப்பும் தவறுமா எழுதின உண்மையை வெச்சு ஒருத்தர் வேலையை முடிச்சிடலாம், இலக்கண சுத்தமான பொய்யை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது. என் நேரத்துல பெரும்பகுதியை இப்ப இங்கதான் போடறேன்.

முதல்ல லிங்க். லைச்சின்னு ரஸ்ட்ல எழுதின ஒரு டூல், நூத்துக்கணக்கான லிங்கை ஒரே நேரத்துல தட்டிப் பாக்கும். ஊர்ல ஃபைபர் வெச்சிருக்கவங்களுக்கு சரி. இங்க ஐப்பசி, கார்த்திகை மழைல எங்கயாவது மரம் விழுந்து கேபிள் போச்சுன்னா மொபைல் டேட்டாதான், அதுவும் வீட்டுக்குள்ள ஒரு ஜன்னல் ஓரத்துல மட்டும், அப்ப ஓட்டினா எல்லா லிங்கும் டைம்அவுட், எல்லாமே செத்துப்போச்சுன்னு ரிப்போர்ட் வரும். அதனால கமிட் பண்றப்போ ஆஃப்லைன் மோட் மட்டும், அதாவது நம்ம ஃபைலுக்குள்ளயே ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு போற லிங்க் மட்டும் பாக்கும், நொடில முடியும். வெளி லிங்கெல்லாம் ராத்திரி சிஐ சர்வர்ல (இந்த செக் எல்லாம் தானா ஓடற சர்வர்) ஓடும். அங்கயும் 403 (அனுமதி இல்ல), 429 (ரொம்ப தடவை கேக்கற) வந்தா உடனே நம்பாதீங்க, பல சைட் ரோபோன்னு தெரிஞ்சா கதவை சாத்திடும், மனுஷன் போனா தொறக்கும். 404 (அந்தப் பக்கமே இல்ல) வந்தா மட்டும்தான் நாங்க ஆக்‌ஷன் எடுக்கறது.

லிங்க் செக்கர் பச்சை காட்டியும் ஏமாத்தற ஒரு இடம் இருக்கு, தமிழ்ல எழுதறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். டாக்குமென்ட் ஃபைலை வெப் பக்கமா மாத்தற ஸ்ஃபிங்ஸ்ங்கற டூல்ல தலைப்புலேர்ந்து அந்த இடத்தோட முகவரியை தானா உருவாக்கும், இங்கிலீஷ் தலைப்புன்னா அந்த வார்த்தையே முகவரி ஆயிடும். ஆனா அதுக்கு அடியில இருக்கற டாக்யூட்டில்ஸ்ங்கற லைப்ரரி லத்தீன் எழுத்து இல்லாததை எல்லாம் உதறிடும், தமிழ்த் தலைப்புல உதறினா மிச்சம் ஒண்ணுமே இல்ல, அதனால ஐடி 1, ஐடி 2, ஐடி 3-ன்னு நம்பர் போட்டுடும். நீங்க ஐடி 3-க்கு லிங்க் கொடுத்து வெச்சிருப்பீங்க, நடுவுல யாரோ ஒரு புது தலைப்பு சேப்பாங்க, இப்ப ஐடி 3-ங்கறது வேற பகுதி. லிங்க் உயிரோடதான் இருக்கு, செக்கர் சந்தோஷமா பச்சை காட்டும், ஈரக் கழிவுன்னு க்ளிக் பண்றவங்க பில் பிரின்ட் பண்ற பகுதில போய் நிப்பாங்க. இதுக்கு ஒரே வழி, முக்கியமான ஒவ்வொரு தலைப்புக்கு மேலயும் கையால ஒரு லேபிள் வெச்சு அதைத்தான் குறிக்கணும். அப்புறம் ஸ்ஃபிங்ஸை நிட்பிக்கின்னு கறாரா பாக்கற மோட்ல, வார்னிங் எல்லாம் எரர்ங்கற ஆப்ஷனோட ஓட்டினா, இல்லாத லேபிளை யாராவது குறிச்சா பக்கத்தை உருவாக்கற பில்டே நின்னுடும்.

ரெண்டாவது, உதாரணம். பைத்தான்ல டாக்டெஸ்ட்னு ஒண்ணு 2001-ல வந்த 2.1 வெர்ஷன்லேர்ந்தே கூடவே வருது, டாக்குமென்ட்ல இருக்கற உதாரணத்தை ஓட்டிப் பாத்து, கீழ எழுதின விடையும் நெஜ விடையும் ஒண்ணான்னு சொல்லும். ரீட்மீ ஃபைலையே நேரா கொடுக்கலாம். ஒரு சின்ன சிக்கல் என்னன்னா மார்க்டவுன்ல கோட் பிளாக்கை மூடற அந்த மூணு பேக்டிக்கையும் விடையோட சேந்ததுன்னு நெனச்சுக்கும், எல்லா உதாரணமும் ஃபெயில்னு வரும், விடைக்கு அப்புறம் ஒரு காலி வரி விட்டா சரியாயிடும். காசு கணக்குக்கு ஃப்ளோட் (தசம எண்ணை தோராயமா சேமிக்கற வகை) போடாதீங்க, 0.1-ம் 0.2-ம் கூட்டினா 0.30000000000000004-ன்னு விடை வரும், அதை அப்படியே டாக்குமென்ட்ல போட்டா படிக்கறவர் நம்மளை என்ன நெனப்பாரு, டெசிமல் மாட்யூல் போடுங்க. உதாரணத்துல இந்த மாச இலை விலையை போடறதும் வேணாம். டீ போர்டு நீலகிரிக்கு பசுந்தேயிலை விலையை மாசாமாசம் அறிவிக்குது, அடுத்த மாசமே உதாரணம் பழசாயிடும், பாக்கறவர் இதுதான் இன்னிக்கு விலைன்னு சண்டைக்கே வந்துடுவாரு. கிலோவுக்கு 10 ரூபாய்னு யாரும் நிஜம்னு நம்பாத ஒரு உருண்டை எண்ணை போட்டு வெச்சிருக்கோம், கணக்கை மனசுலயே சரிபாக்கலாம்.

மூணாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, இதுக்கு ரெடிமேட் டூல் எதுவும் நாங்க எடுக்கல, சின்னதா ஒரு ஸ்க்ரிப்ட் எழுதிக்கிட்டோம். ப்ரோகிராமோட ஹெல்ப்பை ஓட்டி அதுல இருக்கற ஆப்ஷன் பேரெல்லாம் ஒரு லிஸ்ட், டாக்குமென்ட்ல வர்ற ஆப்ஷன் பேரெல்லாம் இன்னொரு லிஸ்ட், ரெண்டையும் சார்ட் பண்ணி வித்தியாசம் காட்டும். ப்ரோகிராம்ல இருந்து டாக்குமென்ட்ல இல்லன்னா வார்னிங், டாக்குமென்ட்ல இருந்து ப்ரோகிராம்ல இல்லன்னா எரர். இது ஏன் வேணும்னா, கமாண்ட்ல அடிக்கற ஆப்ஷனை படிக்கற பைத்தானோட ஆர்க்பார்ஸ் மாட்யூல் ஆப்ஷன் பேரை பாதி அடிச்சாலும் ஏத்துக்கும், குழப்பம் இல்லாத வரைக்கும். ரேட்-பெர்-கிலோன்னு ஒரு ஆப்ஷன் இருந்தா வெறும் ரேட்னு அடிச்சாலே ஓடும், அதனால டாக்குமென்ட்ல யாரோ ரேட்னு எழுதி, எல்லாரும் அதையே அடிச்சு, நல்லா ஓடிட்டு இருக்கும். அப்புறம் ஒரு நாள் ரேட்-மன்த்னு புதுசா ஒண்ணு சேக்கறோம், அன்னிக்கு ரேட்னு அடிச்சவங்க எல்லாருக்கும் இது எந்த ரேட்னு தெரியலன்னு எரர். பழைய ஆப்ஷன்ல கைவெக்கவே இல்ல, டாக்குமென்டையும் யாரும் தொடல, இருந்தாலும் உடைஞ்சுபோச்சு. இதை எந்த உரைநடை லின்டரும் கண்டுபிடிக்காது. இப்ப அந்த சுருக்கற வசதியையே ஆர்க்பார்ஸ்ல அணைச்சாச்சு, ஸ்க்ரிப்ட்டும் ஓடுது.

கோடுக்குள்ள எத்தனை ஃபங்ஷனுக்கு விளக்கம் எழுதியிருக்குன்னு, அதாவது டாக்ஸ்ட்ரிங் கவரேஜ்னு இன்டெரொகேட் மாதிரி டூல் எல்லாம் சதவீதம் காட்டும், 80-க்கு கீழ போனா ஃபெயில்ங்கறது அதுல டீஃபால்ட். கால்குலேட் வெயிட்ங்கற ஃபங்ஷனுக்கு "எடையை கணக்கிடும்"னு எழுதினாலும் 100 வந்துடும். ஓட்டறோம், அதை வெச்சு யாரையும் நிறுத்தறதில்ல.

கடைசியா அந்த எரர், வார்னிங் விஷயம். சிஐ-ல எதை வெச்சு சிவப்பு காட்டறோம்ங்கறது முக்கியம். ஊட்டில காலேஜ் படிக்கற ஒரு பொண்ணு முதல் தடவையா தமிழ்ப் பக்கத்துல ஒரு பத்தி திருத்தி அனுப்பிச்சு, நல்ல திருத்தம், ஆனா அந்த ஃபைல்ல ஏற்கனவே யாரோ விட்டுட்டு போன பழைய புகார் எல்லாம் அந்தப் பொண்ணு தலையில விழுந்து, பக்கம் முழுக்க சிவப்பு. அதுக்கப்புறம் ஆளையே காணோம், நான் அந்த இடத்துல இருந்தாலும் ஓடியிருப்பேன். இப்ப ரிவ்யூடாக்ங்கற டூல் நடுவுல இருக்கு, அது புதுசா சேத்த வரியில வர்ற புகாரை மட்டும்தான் காட்டும், பழசை விட்டுடும். மெர்ஜை (திருத்தத்தை ப்ராஜெக்ட்ல சேக்கறதை) நிறுத்தற உரிமை ரெண்டே வகைக்குதான், படிக்கறவரை தப்பான இடத்துக்கு அனுப்பற பொய், எடையையும் பணத்தையும் குழப்பற சொல். எழுத்துப்பிழை வார்னிங், நாங்களே திருத்திக்கறோம். நடை பத்தின எதுவும் கெடையாது, அது மனுஷன் மனுஷனுக்கு சொல்ல வேண்டியது, "இந்த வரி எனக்கு ரெண்டு தடவை படிச்சாதான் புரியுது தங்கச்சி"ன்னு எழுதினா யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

இன்னும் தீராத ஒண்ணு ஸ்கிரீன்ஷாட். பட்டன் இடம் மாறினா, பேர் மாறினா படம் பழசாயிடும், எந்த கமாண்டுக்கும் அது தெரியாது. முடிஞ்ச இடத்துல எல்லாம் படத்தை தூக்கிட்டு, ப்ரோகிராம் வெளியிடற பில்லையே எழுத்தா பில்ட் நேரத்துல உருவாக்கி பக்கத்துல ஒட்டற மாதிரி மாத்திட்டு வர்றோம், அது எப்பவும் இன்னிக்கு தேதி பில்லாவே இருக்கும். என்ட்ரி போடற ஸ்கிரீனுக்கு மட்டும் படம் எடுக்க மாட்டேன்னு சொல்ல முடியாது, அந்த கட்டபெட்டு அக்காவே, "தம்பி, படம் இருந்தாதான் புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு காட்ட முடியும், எடுத்துடாதீங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதனால படத்தோட ஃபைல் பேர்லயே சாஃப்ட்வேர் வெர்ஷனை சேத்து, இப்போதைய வெர்ஷனைவிட பழசா இருந்தா வார்னிங் கொடுக்கற மாதிரி அந்த ஸ்க்ரிப்ட்லயே ரெண்டு வரி போட்டிருக்கேன், அடுத்த ரிலீஸ் வந்தப்புறம்தான் அது எவ்வளவு தொல்லை பண்ணுதுன்னு தெரியும்.